வெண்பாவின் மூன்று கைதட்டல்கள்

டப்!

யாரோ கை தட்டிய சத்தம். எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டிலிருந்து.

2000-ம் வருடம், பிப்ரவரி 24, வியாழக்கிழமை. மாலை மணி 4.10. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று போலீஸார் மூன்று முறை கேட்டார்கள். மைக்ரோவேவில் மகளுக்குப் பால் சுட வைத்துக்கொண்டிருந்தேன். அதன் கடிகாரம் என் கண்ணெதிரே இருந்தது. அவர்கள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை நாங்கள் மெக்ஸிகோவில் இருந்தோம். Y2K வேலை முடிந்து, கம்பெனியில் லீவு கொடுத்திருந்தார்கள். நான், மனைவி சாந்தாமணி, ஐந்து வயது வெண்பா. கூடவே, அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த பிஸ்கட்டவே ஊரில் எங்கள் பக்கத்துத் தெரு ஜெயபிரகாஷ், அவன் மனைவி சண்முகப்ரியா, மகன் கவின். கவினுக்கு ரத்தப் புற்றுநோய். டாக்டர் மூன்று மாதம் என்று சொல்லியிருந்தார். பையன் மாயர்களின் பிரமிடைப் பார்க்க ஆசைப்பட்டான். அதற்காகத்தான் அந்தப் பயணமே.

பிரமிடின் முன் நின்று கைடு கை தட்டினார். படிகளில் பட்டு, பறவை கூவுவது போல எதிரொலி வந்தது. எல்லோரும் தட்டினோம். எல்லோருக்கும் வந்தது.

வெண்பா தட்டினாள். வரவில்லை.

மறுபடி தட்டினாள். இல்லை. மூன்றாவது முறையும் இல்லை.

"என்னடா செல்லம், பேட்டரி வீக்கா?" என்றான் ஜெயபிரகாஷ்.

"டாடி, மைன் டிட்ன்ட் கம் பேக்" என்று உதட்டைப் பிதுக்கினாள். சிரித்தோம்.

பிறகு கிணறு. கிணறு என்றாலும் குளம் அளவு பெரியது. பச்சைத் தண்ணீர். அந்தக் காலத்தில் சாமிக்கென்று மனிதர்களை, குழந்தைகளைக்கூட, உயிரோடு இதில் தள்ளுவார்கள் என்றார் கைடு. சண்முகப்ரியா விளிம்பில் நின்று, கண்ணை மூடி, நெடுநேரம் முணுமுணுத்தாள். சாந்தாமணி அவள் தோளை அணைத்துக்கொண்டு அழுதாள்.

திங்களன்று வீடு திரும்பினோம். செவ்வாய் மதியம் போன். கவினின் ரத்தத்தில் நோய் அணுக்களே இல்லையாம்! ஜெயபிரகாஷ் குழந்தை போல அழுதான். சாந்தாமணி கேசரி கிளறினாள்.

புதன் காலை, வெண்பாவின் தலையணை ஈரம். தலைமுடியில் பாசி வாடை. குளிப்பாட்டினோம். வாடை போகவில்லை.

வியாழன், 4.10. அந்தச் சத்தம்.

வெண்பா சோபாவில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"டாடி... தட்ஸ் மைன்."

பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். லைட்டைப் போட்டேன். வாஷிங் மெஷின். பிரிக்காத சூட்கேஸ். வேறு எதுவும் இல்லை.

டப்!

இந்த முறை மேலே. படியின் உச்சியில்.

ஓடினேன். படிகளில் ஈரம். சின்னச் சின்னப் பாதங்கள். பல பேருடையவை.

எல்லாம் மேல் நோக்கி...

"வெண்பா!"

டப்!

ஹாலில்.

சோபாவில்தான் இருந்தாள். கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. உடை காய்ந்திருந்தது. சோபா காய்ந்திருந்தது.

வாயிலிருந்து தண்ணீர்...

பச்சையாக.

நிற்காமல்.

மைக்ரோவேவில் மணி 4.14.

தண்ணீரில் மூழ்கிச் சாவு என்று எழுதினார் டாக்டர். பாத்டப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. என்னை நாற்பது நாள் விசாரித்தார்கள். நுரையீரலில் இருந்தது குழாய்த் தண்ணீர் இல்லை, சுண்ணாம்பும் பாசியும் கலந்த தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்தது. அப்படி ஒரு குளம் எங்கள் ஊரில் கிடையாது. கேஸை மூடினார்கள்.

அடுத்த வருடம் ஜெயபிரகாஷுக்கு வேறு மாநிலத்தில், பிளசன்டனில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். கவின் நன்றாகச் சதை போட்டிருந்தான். வாசலில் சண்முகப்ரியா குனிந்து அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சாந்தாமணி அவன் தலையைத் தடவினாள். "நீ வேண்டிக்கிட்டது சாமி காதுல விழுந்துச்சு, பிரியா. எனக்குத்தான் அன்னிக்கு எம்பிள்ளைக்காக வேண்டிக்கத் தோணாமப் போச்சு."

சண்முகப்ரியா நிமிரவில்லை. முடிச்சை இறுக்கினாள்.

"சும்மா வேண்டிக்கிட்டா யாரு தருவாங்க, அக்கா... கவினுக்குப் பதிலா, உங்க வெண்பா பேரும் நட்சத்திரமும் சொல்லித்தான் கேட்டேன்."