காபி வரும்வரை எரிந்த விளக்கு

நெமிலிச்சேரியில் அப்பா எங்கள் இருவர் பெயருக்கும் விட்டுச்சென்ற வீட்டின் பின்புறக் கொட்டகையில் அண்ணன் அந்த இயந்திரத்தை நிறுவியிருந்தார். ஆவடித் தொழிற்சாலையில் லேத்தில் நின்று ஓய்வுபெற்றவர் அவர். மோட்டார் ஒன்று கனத்த இரும்புச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் டைனமோவைச் சுழற்றும். வேகம் ஏறியதும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பார்க்க வந்தவர்களிடம் சொல்வார்:

"பாத்துக்கோ. கரண்டு இல்ல, டீசல் இல்ல, சும்மா எரியுது!"

"அண்ணாத்தே, ஈபிக்காரன் உன்கிட்ட வந்து கரண்டு கேக்கப் போறான்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தக் கேலியையும் அண்ணன் பாராட்டாகவே ஏற்பார்.

உடனே உள்ளிருந்து அண்ணியின் குரல் வரும்: "காபி ஆறிப்போவுது, எல்லாரும் உள்ள வாங்க!" கொட்டகைக் கதவு சாத்தப்படும். விளக்கு எரிந்ததைக் கண்டவர் பலர். அணைந்ததைக் கண்டவர் இலர்.

சென்ற ஆயுத பூசைக்கு என்னை அழைத்தார். வீட்டை அடகுவைத்துப் பெரிய சக்கரம் செய்ய என் கையொப்பம் தேவைப்பட்டது. பொட்டிட்டு மாலையிட்ட இயந்திரத்தை அன்று ஓட்டலாகாதே என்றார் ஒருவர்.

"நாமளா ஓட்றோம்? தானா ஓடுது நைனா" என்று மோட்டாரில் வேகமேற்றிப் பிளக்கைப் பிடுங்கினார் அண்ணன்.

காபிக்கு அழைப்பு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் போனார்கள், நான் நகரவில்லை.

"இன்னாடா நிக்கிற? வந்து கையெழுத்து போடு."

"இருண்ணா. எவ்ளோ நேரம் எரியுதுன்னு பாத்துட்டு வரேன்."

சக்கரத்தின் இரைச்சல் தாழ்ந்தது. விளக்கு மஞ்சளாகி, சிவந்த இழையாகி, அவிந்தது. மோட்டார் ஏற்றிவைத்த வேகத்தைச் சக்கரம் செலவழித்துத் தீர்த்தது, அவ்வளவே. வாழ்நாளெல்லாம் இயந்திரங்களோடு கழித்தவருக்கு இது தெரியாதென்று நான் நம்பவில்லை.

"பேரிங்கு புதுசு. டைட்டா கீது" என்றார், என் முகத்தைப் பாராமல்.

அண்ணி தம்ளரோடு கதவருகில் நின்றிருந்தார். "கூப்ட ஒடனே வந்திருக்கக் கூடாதா தம்பி? ரிடையர் ஆயி வந்ததுலேர்ந்து மூலையில குந்திக்கினு இருந்த மனுசன். இப்பதான் நாலு பேர்கிட்ட சிரிச்சிப் பேசுறாரு."

"ஊடு போயிடும் அண்ணி."

"போனா வாடகைக்குப் போறோம். உனக்கு இன்னா?"

நான் கையொப்பமிடவில்லை. வீடு தப்பியது, அந்த வீட்டுக்கு எனக்கு அழைப்பு வருவதில்லை. உறவினர் வாட்சப் குழுவில் அண்ணன் அனுப்பும் காணொளிகள் மட்டும் வருகின்றன. சக்கரம் சுழல்கிறது, விளக்கு எரிகிறது, அண்ணி காபிக்கு அழைக்கிறார். ஒவ்வொன்றும் அங்கேயே முடிகிறது.