வாய் கோணித் தோற்ற ஆட்டம்

ஞாயிறு காலை எட்டே முக்காலுக்குப் பலேர்மோ மத்திய நிலையத்தில் இறங்கினேன். சூரிச்சில் ஏறியது சனிக்கிழமை காலை. மிலானில் ஒருமுறை வண்டி மாறினேன். இத்தாலியின் தென்முனையில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றி, மெசினாவில் திரும்பவும் பூட்டினார்கள். அங்கிருந்து இருநூற்றிருபது கிலோமீற்றர். வலப்பக்கம் முழுக்கக் கடல். ஆனால் இருபத்தாறு மணி நேரம் முதுகு நோக நான் போனது கடல் பார்க்க அல்ல. சீட்டாட.

முந்நூற்று நாலு என்ற எங்கள் சீட்டாட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கூட்டிக் கேட்கும் கேள்வியில் வென்றவர், மற்ற இனங்களை வெட்டும் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அது ஆட்டினா, டைமனா, எந்த இனம் என்று அவருடைய சோடிக்கும் தெரியாது. கையில் இருப்பதைக் கண்ணால், வாயால், இருமலால் காட்டினால் அது கள்ளம். எங்கள் ஊரில் கோழி களவெடுத்தவனுக்கு இருக்கும் மரியாதைகூட சீட்டில் சைகை காட்டியவனுக்குக் கிடையாது.

சைகை காட்டியவர்கள் என்ற பெயர்தான் எனக்கும் என் கூட்டாளி தாசனுக்கும் இருந்தது. 1982இல் மன்னாரில் பெருநாளுக்கு நடந்த போட்டியின் கடைசி ஆட்டத்தில் நானும் தாசனும் சூசையின் சோடியை வென்றோம். தாசன் எனக்குக் கண்ணடித்தான் என்று சூசை எழுந்து நின்று சொன்னான். நான் கோயில் வாசலில் நின்று இருவருக்குமாகச் சத்தியம் செய்தேன். சத்தியத்தை ஊர் கேட்டது, நம்பவில்லை. ‘கண்ணடிச் சோடி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பெண் பார்த்தபோதுகூட அந்த வீட்டுக்காரர் அதை விசாரித்திருக்கிறார்கள்.

பதினாலு வருடம் கழித்துத் தாசன் கடிதம் போட்டிருந்தான். அவனும் சூசையும் இப்போது பலேர்மோவில் இருக்கிறார்கள். பங்குக் கோயில் மண்டபத்தில் போட்டி, நடுவர் சூசை. ‘நீ வா. அவன்ரை கண்ணுக்கு முன்னாலை வெல்லுவம்’ என்று எழுதியிருந்தான். சூரிச்சில் நான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் மூன்று நாள் லீவு கேட்டுக் கெஞ்சினேன்.

நிலையத்தில் தாசன் காத்திருந்தான். தலை நரைத்து, வயிறு வைத்திருந்தது. ஒரேத்தோத் தெருவில் இருக்கும் அவனுடைய அறை நிலையத்துக்குப் பின்னால் பத்து நிமிட நடை. போகும் வழியில் பானெல்லே வாங்கித் தந்தான். கடலைமாவைப் பலகையாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள், இரண்டாயிரம் லீரே. உப்பும் எலுமிச்சையும் விட்டுச் சாப்பிட்டபோது இரவு முழுவதும் கிடந்த பசி போய்விட்டது.

"என்னடா வேலை?" என்று கேட்டேன்.

"ஒரு கிழவரைப் பாக்கிறன். பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவர். மருந்து குடுக்கிறது, குளிக்க வாக்கிறது. பின்னேரத்திலை அவரோடை சீட்டு."

அந்தக் கடைசிச் சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

பதினொரு மணி. பூசை முடிந்து, கால்சாப் பகுதியில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்துக்குப் போனோம். ஒரு பக்கம் பூச்சுப் புதிதாகச் செய்த மாளிகை, மறுபக்கம் ஜன்னலில் உடுப்புக் காயும் சின்ன வீடுகள். உள்ளே எட்டு மேசை, பதினாறு சோடி. மொரீசியஸ்காரர் சிலர் பார்க்க வந்திருந்தார்கள். சூசை வெள்ளைச் சேர்ட்டும் மூக்குக் கண்ணாடியுமாக நின்றார். முன்பு ‘டேய்’ போட்டவர் இப்போது மரியாதையாகத்தான் பேசினார்.

"வந்திட்டீரோ? நல்லது. விளையாட்டுச் சுத்தமாய் இருக்கவேணும்."

"ஓம்," என்றேன். காது சுட்டது.

முதல் ஆட்டத்தில் வென்றோம். அதில் ஓரிரு தடவை தாசனின் வாய் வலப்பக்கம் இழுபட்டதைக் கண்டேன். பானெல்லே பல்லுக்குள் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதிலும் வென்றோம். நான் மனதுக்குள் சூரிச்சில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்று வசனம் கட்டத் தொடங்கிவிட்டேன்.

ஒரு மணி தாண்டி மூன்றாவது ஆட்டம். சூசை என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். தாசன் இருநூறு கேட்டான், துரும்பைக் கவிழ்த்து வைத்தான், என்னைப் பார்த்தான். வாய் காதுவரை கோணியது. பிறகு ஒரு தோள் சற்று உயர்ந்து இறங்கியது.

"தாசன், வாயை என்ன செய்யிறீர்?" என்று சூசை மெதுவாகக் கேட்டார்.

தாசன் தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். சத்தியமாக, அது கோணியது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. பக்கத்து மேசையில் யாரோ "பிரிஸ்கோலா" என்றான். மண்டபமே சிரித்தது.

பிரிஸ்கோலா என்பது அங்கத்தைய சீட்டாட்டம். அதிலும் சோடிதான், ஆனால் சைகை காட்டுவது முறை. துரும்பின் மூன்று கையில் இருந்தால் வாயைக் கோணலாம், ராசாவுக்குக் கண்ணை உயர்த்தலாம், குதிரைச் சீட்டுக்குத் தோளை அசைக்கலாம். எதிராளி காணாமல் காட்டுவதுதான் கெட்டித்தனம். தாசன் ஆறு வருடமாகப் பின்னேரங்களில் அந்தக் கிழவருக்குச் சோடி. நல்ல சீட்டு வந்தால் வாய் தானாகக் கோணுகிறது. மண்டபத்தில் எல்லோருக்கும் அந்தச் சைகை தெரியும். தெரியாத ஒரே ஆள் நான்.

"எனக்கு அதின்ரை அர்த்தமே தெரியாது," என்றேன்.

"மன்னாரிலையும் நீர் இப்பிடித்தான் சொன்னீர்," என்றார் சூசை. குரலை உயர்த்தவில்லை. எங்கள் பெயரைக் கோடு போட்டு வெட்டினார்.

நான் வெளியே வந்தேன். அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

மூன்று மணிக்குக் கிழவருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று தாசன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கிழவர் போர்வையோடு சாய்கதிரையில் இருந்தார். தாசன் நடந்ததை இத்தாலியனில் சொன்னான். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"சோடிக்கு ஒண்டும் சொல்லக்கூடாதெண்டால் பிறகென்னத்துக்குச் சோடி எண்டு கேக்கிறார்."

சொல்லிக்கொண்டே தாசன் மருந்தை எடுத்துக் கொடுத்தான்.

ஆறு மணிக்குச் சற்றுமுன் நிலையம். ஆளுக்கொரு கோப்பி, ஆயிரத்து இருநூறு லீரே, நின்றபடி குடித்தோம். தாசன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சூசையிலை பிழை இல்லை மச்சான்."

"இண்டைக்கு இல்லை. அண்டைக்குப் பிழைதானே."

"அண்டைக்கும் இல்லை. நான் கண்ணடிச்சனான்தானே."

எனக்கு விளங்கவில்லை. "எப்ப?"

"என்ன எப்ப? ஆட்டின் துரும்பு எண்டு கண்ணடிச்சன், நீ உடனை ஆட்டின் இறக்கினாய்."

"நான் காணேல்லை."

"பகிடி விடாதை."

"நான் காணேல்லையடா. ஆர் ஆர் என்னென்ன போட்டவை எண்டு கணக்குப் பாத்து இறக்கினனான்."

மெல்ல மெல்ல அவனுடைய முகம் மாறியது. நான் கோயில் வாசலில் சத்தியம் செய்தபோது, தன்னைக் காப்பாற்றத் தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்கிறேன் என்று அவன் நினைத்திருக்கிறான். அந்த நன்றியில்தான் பதினாலு வருடம் கழித்தும் என்னைத் தேடிக் கடிதம் எழுதியிருக்கிறான். சூசை என்னைக் கள்ளன் என்று நினைத்தது எனக்குத் தெரியும். என் சோடியும் அப்படித்தான் நினைத்தான் என்பது அந்தக் கோப்பிக் கடையில்தான் தெரிந்தது.

கோபம் வந்தது. ஆனால் அவன் என் பையைத் தூக்கிக்கொண்டு பெட்டிவரை வந்தான், வழிக்கென்று இரண்டு பாண் கட்டித் தந்தான். ரயில் நகர்ந்தபோது கை காட்டக்கூட இல்லை. வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

போகும்போது வலப்பக்கம் இருந்த கடல் இப்போது இடப்பக்கம் வந்தது. மெசினா வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சூசைக்கு நடந்ததை எழுதினால் என் பெயர் சுத்தமாகும். தாசன் அந்த மண்டபத்துக்குள் பிறகு கால் வைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை சூரிச்சில் வேலைக்குப் போனேன். சமையலறையில் கோப்பை கழுவும் மன்னார்ப் பொடியனுக்குச் செய்தி முந்தியே வந்துவிட்டது.

"அண்ணை, அப்ப உண்மைதானோ? சைகை காட்டினது தாசன் அண்ணை மட்டுமோ, நீங்களுமோ?"

ஏப்ரனைக் கட்டிக்கொண்டே சொன்னேன்:

"ரெண்டு பேரும்தான். சோடியாய்த்தானே விளையாடினனாங்கள்."