இந்த முறை புதுப்பிக்கவில்லை

நான் வேலை பார்க்கும் தி.நகர் நகைக்கடை வாசலில், சொந்தத் துப்பாக்கியோடு அவர் காவலுக்கு நிற்பார். நரைத்த மீசை. துப்பாக்கியின் வாரை அடிக்கடி தோளில் ஏற்றிவிட்டுக்கொள்வார். லைசென்ஸை ஒருமுறைகூடத் தவறாமல் புதுப்பித்து வந்தவர்.

ஒருநாள் வெறுங்கையோடு வந்தார்.

"துப்பாக்கி எங்கண்ணே?"

"லைசென்ஸ் முடியப்போவுது. இந்தவாட்டி வேணாம்னு ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டேம்மா."

"அது இல்லாட்டி இங்க வேலை கிடையாதே?"

"போவட்டும். பையன் ஒரு மாசமா யார்கிட்டயும் பேசல, சரியா துன்றதில்ல. நேத்து வாயத் தொறந்து, 'துப்பாக்கில தோட்டா கீதாப்பா'ன்னு கேக்கறான்."

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடி வாசலில், கையில் விசிலோடு அவரைப் பார்த்தேன். பையனைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கை பழக்கத்தில் வெறும் தோளுக்குப் போயிற்று.

"இப்ப கொஞ்சம் சோறு துன்றாம்மா" என்றார்.