கூட்டினால் சரியாக வந்த நம்பர்கள்

பேனர் அடிக்கிற தொழிலில் மாப்பிள்ளை முகம் கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் சமாளித்துவிடலாம். போன் நம்பர் தப்பினால் தொலைந்தோம். பத்து இலக்க எண்ணோடு தினமும் மல்லுக்கட்டும் என் தொழில் அன்பர்களுக்கு இது தெரியும்.

செங்கல்பட்டில் என் கடை. நம்பரைச் சரிபார்க்க நானே ஒரு வழி வைத்திருந்தேன். வாடிக்கையாளர் எழுதித் தந்த பத்து இலக்கங்களையும் கூட்டுவேன். கம்ப்யூட்டரில் நான் அடித்ததையும் கூட்டுவேன். இரண்டும் ஒன்றாக வந்தால் பிரிண்ட். அந்த வழியில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

கருங்குழிக்குப் போன பிரியாணி

கடப்பாக்கத்து ரபீக் பாய் புதுப் பிரியாணிக் கடை திறந்தபோது பெரிய பேனர் அடித்தேன். கூட்டுத்தொகை கச்சிதமாக ஒத்துப்போனது. ஆனால் நடுவில் இருந்த 63, என் கையில் 36 ஆகியிருந்தது. அழைப்பெல்லாம் கருங்குழியில் ஒரு தையல்காரருக்குப் போயின. பாய் நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, நான் தம் போட்டுகினு கீறேன், எவனோ ஆர்டர் எடுத்துகினு கீறான்?"

ஒன்பது காட்டிக்கொடுத்தது

படூர் கல்லூரியில் கணக்கு நடத்தும் ஸ்டெல்லா மேடம், சர்ச் திருவிழா பேனருக்கு வந்தார். பாய் கதையைச் சொல்லி, "கூட்டினா சரியாத்தான் மேடம் வந்துச்சு" என்று புலம்பினேன். சரி நம்பரிலிருந்து தப்பு நம்பரைக் கழிக்கச் சொன்னார். இருபத்தேழாயிரம் வந்தது. ஒன்பதால் வகுத்தேன், மூவாயிரம், மீதி இல்லை. எவ்வளவு பெரிய எண்ணிலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடுமாம், கூட்டுத்தொகை மட்டும் அசையவே அசையாதாம். எந்தத் தப்பை நான் அடிக்கடி செய்கிறேனோ, அதை மட்டும் என் வழி கண்டுபிடிக்காது. முகம் சுண்டிப்போய்த் தலையாட்டினேன். மறுநாளே பழையபடி கூட்ட ஆரம்பித்தேன். வீம்புதான், வேறென்ன? மேடம் கிளம்பும்போது சொன்னதுகூடக் காதில் ஏறவில்லை.

"கூட்டுற நேரத்துல ஒருதபா வாய்விட்டுப் படிச்சிருக்கலாமே, அண்ணா."

காணவில்லை

இதைச் சொல்லாமல் விட்டுவிடத்தான் ஆசை. பக்கத்துத் தெரு கன்னியம்மா அக்காவின் கணவருக்கு மறதி நோய். மாமல்லபுரத்தில் பஸ் விட்டு இறங்கியவரைக் காணவில்லை. போட்டோவும் அக்காவின் நம்பரும் போட்டு நோட்டீஸ் அடித்தேன். கூட்டினேன், நாற்பத்தேழு. அக்கா எழுதித் தந்த தாளிலும் நாற்பத்தேழு. கடற்கரைச் சாலை நெடுக ஒட்டினார்கள்.

இரண்டு நாளாக ஒரு அழைப்பும் இல்லை. மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் அவரை ஒரு டீக்கடை வாசலில் பார்த்து, காலில் புண்ணோடு இருந்தவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். டீக்கடைக்காரர் முதல் நாளே நோட்டீஸ் நம்பருக்கு இரண்டு முறை அடித்தாராம். எடுத்தவர் 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டாராம்.

கேள்விப்பட்டதும் அக்காவின் தாளை எடுத்து நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நோட்டீஸில் 81 இருக்க வேண்டிய இடத்தில் 18. கழித்தேன், ஆறாயிரத்து முந்நூறு. வகுத்தேன், எழுநூறு, மீதி இல்லை. அக்கா வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் திட்டவில்லை.

"ரெண்டு நாளா போனை வுட்டுட்டு குளிக்கக்கூட போவல, நைனா. என் போனுதான் கெட்டுப்பூட்ச்சின்னு அதைத் திட்டிகினு இருந்தேன்."

அன்றைக்கும் என் கூட்டல் சரியாகத்தான் வந்தது. அந்த மனுஷர் வீடு வந்து சேரத்தான் இரண்டு நாள் கூடுதலாக ஆனது.