பாதியில் சிக்கிய சுடிதார்

மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை, முதுகுவலி என்றேன். பாளையங்கோட்டையில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகாவிட்டால் சாயங்காலமே ஜெபக்குழு வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பயந்து, கையைத் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியும், ஆறாம் நாளே சுடிதாரைத் தலைவழியே மாட்டினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. நெஞ்சு பட்டை போட்டதுபோல் இறுகியது. கை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. துணிக்குள்ளிருந்தே அழுதேன்.

சத்தம் கேட்டு மாடிவீட்டு அக்கா ஓடிவந்தார். மார்பைச் சுற்றியிருந்த பேண்டேஜைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"ஏட்டி, அசையாத. பைய இரு" என்று கத்தரிக்கோலால் சுடிதாரை வெட்டியெடுத்தார்.

"ஜெபக்குழு வந்தா என்னக்கா சொல்ல?"

"முதுகுவலிக்கே ஜெபிக்கட்டும். எங்கன வலிக்குன்னு கர்த்தருக்குத் தெரியாதாக்கும்?"

வீக்கம், இறுக்கம், மல்லாந்தே தூங்குவது எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனேன். உடுத்திவிட ஒருத்தி வேண்டியிருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவேயில்லை.