ஓசைக்காகச் சேர்த்த வரி

ஒரு மனிதரின் வேலையைப் போக்குவதற்கு எனக்கு ஒரு பக்கமும் இரண்டு தேநீரும் போதுமாக இருந்தன. அவர் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கால்பந்துப் பயிற்சியாளர். நான் அந்த அணியின் ரசிகன், அவ்வளவுதான். அந்தக் கல்லூரியில் படித்தவன்கூட இல்லை.

எங்கள் இடம் மைதானத்தின் தெற்கு மதில். எதிர்ப்பக்கம் நிழலோடு படிக்கட்டு உண்டு, ஆனால் ஆட்டம் நடக்கும்போது என்னால் உட்கார முடியாது. பந்து கிழக்கே போனால் மதிலோரமாகக் கிழக்கே நடப்பேன், மேற்கே வந்தால் மேற்கே. துறைமுகத்துச் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயாரிக்கிற அலுவலகத்தில் எனக்கு வேலை. பகல் முழுக்க நாற்காலியில் கட்டிப்போட்ட கால்கள் ஆட்ட நாட்களில்தான் அவிழும்.

என்னோடு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் வண்ணாரப்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய், என் பள்ளிக்கூட தோஸ்து. இன்னொருவர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூவும் அக்கா. விடியலில் மீன் கூடைகளுக்கு நடுவே நின்று கூவுகிற குரலை மத்தியானம் கொஞ்சம் தூங்க வைத்துவிட்டு, மூன்றரை மணி ஆட்டத்துக்கு எழுப்பிக் கூட்டி வருவார். அந்த நேரத்துக்குத்தான் கடல்காற்றும் கிழக்கிலிருந்து ஏறி வரும். மாலையில் அதில் உப்பும் டீசலும் சேர்ந்திருக்கும்.

பயிற்சியாளர் எங்களுக்குச் சற்று முன்னால், கோட்டோரம், முதுகைக் காட்டி நிற்பார். கைகள் இரண்டும் பின்னால் கட்டியிருக்கும். கத்தவே மாட்டார். எங்கள் டோல்கேட் பகுதியில் மளிகைக் கடை வைத்திருந்த தெற்கத்திக் குடும்பத்துப் பிள்ளை. அது எங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அவர் பாடு அவ்வளவுதான்.

"யோவ் கோச்சு! இன்னாய்யா, கடைல பொட்டலம் மடிக்கிற மாரி பாஸ் போட்டுகினு கீறானுங்க?" என்பார் பாய்.

"தே, ட்ரைலர் லாரியாட்டம் ரிவர்ஸே எடுத்துகினு கீறியே! முன்னாடி ரோடு இல்லியா?" என்பார் அக்கா.

நானும் சொல்வேன். என்னுடையவை கொஞ்சம் அலங்காரமாக இருக்கும். மதில் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்ததை மனதுக்குள் தயார் செய்துகொண்டு நடப்பேன். அவருடைய முதுகு மட்டும் அசையாது.

அவருடைய ஆட்டம் எங்களுக்குப் பிடிக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அப்போது எங்களுக்கே தெரியாது. நாங்கள் எல்லோரும் கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர்கள். மணலில் பந்து உருளாது, இரண்டடி போய் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். ஆகவே தூக்கி அடிப்போம். கட்டுமரத்துக்கு மேலே, காயப்போட்ட வலைக்கு மேலே, தலைகளுக்கு மேலே பறந்து போவதுதான் எங்களுக்குப் பந்து. அந்த மணலைக் கடல் தின்றது. கடலைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். இப்போது அங்கே நண்டுதான் ஆடும். ஆனாலும் எங்கள் கண் அந்த மணலிலேயே நின்றுவிட்டது. இவரோ செம்மண் தரையில் பந்தைத் தரைவிட்டு எழவே விடமாட்டார். காலிலிருந்து காலுக்கு, பக்கவாட்டில், பின்னால், மறுபடி பக்கவாட்டில். கோழைத்தனம் என்று தீர்மானித்துவிட்டோம்.

போன வருடத்து அரையிறுதியில் எல்லாம் வெடித்தது. நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். அதை அடித்தவன் எங்கள் செல்லப் பிள்ளை, நெட்டையாக, பனைமரம் எகிறினால் எப்படி இருக்கும் அப்படி எகிறித் தலையால் முட்டுகிறவன். இரண்டாம் பாதியில் நம்மவர்கள் கிழக்கே பார்த்து ஆடினார்கள். இருபது நிமிடம் பாக்கி இருக்கும்போது பயிற்சியாளர் நெட்டையனை வெளியே எடுத்துவிட்டு, குள்ளமாக ஒரு நடுக்களக்காரனை உள்ளே அனுப்பினார்.

"அய்யய்யோ!" அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "வஞ்சிரத்த தூக்கிட்டு நெத்திலிய வெக்கிறான் பாரு!"

அதற்கப்புறம் பொட்டலம், பொட்டலம், பொட்டலம். கடைசி ஐந்து நிமிடத்தில் பின்னால் தள்ளிய ஒரு பந்தை எதிராளி வெட்டி எடுத்தான். ஒரு கோல். நம்மவர்கள் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் இன்னொன்று.

மதில் முழுக்க வசவு. பயிற்சியாளர் வெளியே போகும்போது முதன்முதலாக எங்களைத் திரும்பிப் பார்த்தார். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கல்மண்டபத்து டீக்கடையில் பாய் என் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்.

"மாமு, இன்னும் எத்தினி நாளு கத்திகினே இருப்ப? நீ எய்துறவனாச்சே. எய்து. காலேஜி மொதல்வருக்கு ஒரு மனு. அவுரு வேலை வருசா வருசம் புதுப்பிக்கிற வேலைதான். இந்த வாட்டி புதுப்பிக்காம உட்டாப் போதும்."

எழுதினேன். எனக்கு அது வரும். சரக்குப் பட்டியல்களின் பின்பக்கங்களில் இருபது வருடமாகக் கவிதை எழுதி வருகிறவன். முதலில் அந்த மாற்று ஆட்டக்காரனைப் பற்றி ஒரு வரி. பிறகு பின்னால் தள்ளும் பந்தைப் பற்றி ஒன்று. பந்துக்குச் சிறகு உண்டென்பதை மறந்த பயிற்சி என்று இன்னொன்று. அதை எழுதியதும் நானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்று வாக்கியங்கள் படிப்படியாக ஏறி நின்றன. நாலாவது ஒன்று இறங்கி வந்து அடித்தால்தான் பத்தி முடியும். கை தானாகப் போய் எழுதியது: "அவர்தம் மாணவர்களே அவர்மேல் நம்பிக்கை இழந்து நிற்கிறார்கள்."

பாய் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "பசங்க சொன்னானுங்களா?"

"மூஞ்சிலயே தெரியலியா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியுது தெரியுது" என்றார்.

அந்த ஆட்டக்காரர்களில் ஒருவனிடம்கூட நான் அதுவரை பேசியதில்லை.

அக்காவுக்கு மனுவைப் படித்துக் காட்டினோம். அந்தக் கடைசி வரி வந்ததும் நாக்கைச் சொடுக்கினார். "அதான்யா! சும்மா நச்சுனு கீது." கையெழுத்தைக் கொட்டை எழுத்தில் போட்டார். மதில்காரர்கள் எல்லோரும் போட்டார்கள்.

வேலை புதுப்பிக்கப்படவில்லை. மற்ற புகார்களை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, பிள்ளைகளுக்கே நம்பிக்கை இல்லையாமே என்றுதான் கூட்டத்தில் பேசினார்களாம். கல்லூரி அலுவலக உதவியாளர் ஒருவர் பாயிடம் சொன்னார். பாய் என் முதுகில் தட்டினார். நான் சந்தோஷப்பட்டேன். என் ஒரு வரி ஒரு கட்டடத்துக்குள் போய் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். அதை மறைக்க எனக்கு மனமில்லை.

புதிதாக வந்தவர் தூக்கி அடிக்கச் சொன்னார். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம், எனக்குத் தொண்டை கட்டியது. இரண்டாவது ஆட்டத்தில் இரண்டாம் பாதி. நம்மவர்கள் கிழக்கே பார்த்து ஆடினார்கள். தூக்கிய பந்தெல்லாம் கடல்காற்றில் ஏறி, அந்தரத்தில் ஒரு நொடி தயங்கி, அடித்தவன் பக்கமே திரும்பி வந்து விழுந்தது. நெட்டையன் எகிறிக்கொண்டே இருந்தான். பந்து அவன் தலைக்கு வந்து சேரவேயில்லை. அவன் மட்டும் மேலே போய்ப் போய்த் தனியாகக் கீழே வந்தான்.

"இன்னாடா இது, பந்து காத்து வாங்கிகினு வர்து?" என்றார் அக்கா.

நான் நடப்பதை நிறுத்தினேன். எத்தனையோ வருடமாக அதே மதிலோரம், அதே மூன்றரை மணிக் காற்றில் என் சட்டை படபடத்துக்கொண்டிருக்கிறது. அரையிறுதியிலும் அப்படித்தான் அடித்திருக்கும். காற்றை எதிர்த்து ஆடும்போது பந்தைக் காற்றுக்கு அடியில் நுழைத்துக் கொண்டுபோகத்தான் அந்த மனிதர் பொட்டலம் மடித்தார். அதற்குத்தான் நெட்டையனை எடுத்துக் குள்ளனை விட்டார். வியூகம் சரி, ஒரே ஒரு பந்து தப்பிவிட்டது. ஒரு பந்து யாருக்கும் தப்பும்.

பாயிடம் சொன்னேன். அவர் மைதானத்தைப் பார்த்தபடியே, "இப்ப சொல்ற" என்றார். அந்த ஆட்டத்தோடு போட்டியிலிருந்து வெளியேறினோம்.

சில நாள் கழித்து டோல்கேட் பேருந்து நிறுத்தத்தில் நெட்டையனைப் பார்த்தேன். மதில்காரன் என்று என்னை அடையாளம் கண்டு சிரித்தான். முழங்காலில் பட்டை கட்டியிருந்தான்.

"பழைய கோச்சு எப்டி கீறாரு?" என்று கேட்டேன்.

"தெரில சார். எங்க யாரு போனையும் எடுக்க மாட்றாரு. பசங்க எல்லாரும் அடிச்சிப் பாத்துட்டோம். வூட்டாண்ட போனா, ஆளு இல்லன்றாங்க. எவனோ எங்க மேல போட்டு எய்திட்டானாம் சார், எங்களுக்கு அவுரு மேல நம்பிக்கை இல்லன்னு. எங்கள யாரு கேட்டா? அவுரு இல்லாங்காட்டி நானெல்லாம் எங்கியாச்சும் மூட்டை தூக்கிகினு இருப்பேன்."

நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். அவன் பேருந்து வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

அவர் எண்ணூரில், நெட்டுக்குப்பத்துக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பயிற்சி தருகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் பாதி வழியில் இறங்கித் திரும்பினேன். நாலாவது முறை போய்ச் சேர்ந்தேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகிற, சாம்பல் படிந்த ஒரு சின்னத் திடல். அதே முதுகு. பின்னால் கட்டிய அதே கைகள்.

நான் பேச ஆரம்பித்ததுமே திரும்பினார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலில் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"மதில்ல நடந்துக்கிட்டே கத்துவீங்களே, அந்த அண்ணன்தான?"

"ஆமா. அந்த மனுவ எழுதினது நான்."

தலையை ஆட்டினார். "எனக்கும் ஒரு நகல் குடுத்தாங்க. தமிழ் நல்லா இருந்துச்சுண்ணே." கிண்டல் இல்லை. கிண்டலை நான் மிக நன்றாக அறிவேன். "ஆட்டத்தப் பத்தி எழுதுனதெல்லாம் பரவால்ல. பாக்குறவங்களுக்குத் திட்ட உரிமை இருக்கு. ஒண்ணு மட்டும் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். எந்தப் பையன் சொன்னான்?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"நம்பிக்கை இல்லன்னு. கோல்கீப்பரா இருக்கும்னு கொஞ்ச நாள் நெனச்சேன். அப்புறம், நம்ம நெட்டையன அன்னைக்கு வெளிய எடுத்தேன்ல, அவன்தான்னு முடிவே பண்ணிட்டேன். கோவம் எல்லாம் இல்லண்ணே. யாருன்னு தெரிஞ்சா மத்த பசங்ககிட்டயாவது பேசலாம். அதுக்குத்தான்."

"யாரும் சொல்லல" என்றேன். "அந்த எடத்துல ஓசை கொறஞ்சிச்சு. நானாதான் ஒரு வரி சேத்தேன்."

"ஓசையா?"

அந்த ஒரு சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார், ஏதோ அயல்நாட்டுப் பண்டத்தின் பெயரைப்போல. பிள்ளைகள் பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரிக்கு இன்னொரு கடிதம் எழுதுகிறேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன் என்றேன்.

"வேணாம்ணே. நீங்க எழுத வேணாம். நான் மொதல்ல நெட்டையன்கிட்ட பேசணும்."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். காற்று அதிகமாக இருந்ததால் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடச் சுவரோரம் ஒதுங்கினார். எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி போகும் சத்தம் எனக்கும் லேசாகக் கேட்டது. அந்தப் பக்கம் எடுக்கவில்லை. திரையைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். எத்தனை மாதம் இவர் எடுக்காமல் விட்ட அழைப்புகள். இப்போது அந்தப் பக்கம் யாருக்கு எடுக்கத் தோன்றும்.

பந்து என் காலருகே உருண்டு வந்து நின்றது. பிள்ளைகள் கை நீட்டினார்கள். தூக்கி அடிக்க எழுந்த காலை அடக்கி, தரையோடு தள்ளிவிட்டேன். சுவரோரம் அவர் போனில் மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.