மழையில் கரைந்த மை

பாளையங்கோட்டையில் நான் வாத்தியாராக இருந்த பள்ளியின் தலைமையாசிரியர் நெடிய மனிதர். வலது காலை எப்போதும் இடது காலுக்குப் பின்னால் ஒதுக்கியே நிற்பார். கம்பீரம் என்று நினைத்தேன்.

சேர்ந்த வருடமே, குறுகலான பூட்ஸ் இறுக்கி என் பெருவிரல் மூட்டு பாக்குப் போலப் புடைத்தது. செருப்புப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டேன்.

“செருப்போட வந்தா துரைமாரு என்ன நெனப்பாவ? உப்புப் போட்ட வெந்நீர்ல கால வையும். எனக்கும் இருந்துது, பழகிட்டுவே” என்றார்.

நம்பி மூன்று வருடம் பழகினேன்.

ஒரு மழையில் அவர் வலது பூட்ஸில் கறுப்பு மை கரைந்து வழிந்தது. மூட்டு புடைத்த இடத்தில் தோலை வெட்டிவிட்டு, வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, மை பூசி மறைத்திருந்தார். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

“ஒமக்கும் இப்படித் தைச்சித் தரச் சொல்லட்டுமாவே?” என்று மெல்லக் கேட்டார்.

அதை நான் அனுமதி கேட்ட அன்றே கேட்டிருந்தால் என்னவாம்? என் பெருவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்தாகிவிட்டது.